நல்ல மகள் என்ற பெயருக்குக் கொடுத்த மூன்று ஆண்டுகள்

வீட்டில் ஒரு பெண் செவிலியராக இருந்தால், அப்பாவோ அம்மாவோ படுக்கையில் விழுகிற நாளில் எல்லாருடைய கண்களும் அவள் பக்கம் திரும்பும். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டம், குலசேகரம், திருவட்டாறு வட்டாரங்களில், அப்படித் திரும்பும் கண்களை எதிர்கொண்ட பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நெய்யூரில் 1838-இல் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய காலத்திலிருந்தே மருத்துவமனை வேலை இந்த மண்ணுக்குப் பழக்கமானது. செவிலியர் படிப்பை முடித்து வளைகுடாவுக்குப் போன மகளின் சம்பளத்தில் ஓட்டுக் கூரையைக் கான்கிரீட்டாக மாற்றிய வீடுகள் எங்கள் தெருவிலேயே பல உண்டு. ஆனால் அந்த மகள் திரும்பி வந்து வீட்டு நோயாளியின் அருகில் உட்கார்ந்த பிறகு அவளுக்கு உள்ளே என்ன நேர்கிறது என்பதை, எனக்கு முன்னால் அந்த வழியில் நடந்தவர்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை. பணமும் வேலையும் போனது வெளியே தெரிகிற இழப்பு. நான் யார், எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்கே விளங்காமல் போனது வெளியே தெரியாத இழப்பு. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேரில் நான் மூத்தவள். அப்பா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டி, பின்னர் சொந்தமாகச் சிறிய அளவு நிலம் வாங்கியவர். நான் நாகர்கோவிலில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2012 இறுதியில் சவூதி அரேபியாவின் ஒரு தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தேன். தம்பியின் பொறியியல் படிப்பு, தங்கையின் திருமணம், வீட்டுக் கடன் மூன்றும் என் சம்பளத்தில் நடந்தன. "ஆம்பிளைப் பிள்ளை மாதிரி குடும்பத்தைத் தூக்கி நிறுத்திட்டா" என்று ஊரில் சொல்வார்கள். விடுமுறையில் வரும்போது அந்தச் சொல் எனக்குப் பெருமையாகவே இருந்தது. தங்கையின் கல்யாணம் முடியட்டும், தம்பிக்கு வேலை கிடைக்கட்டும் என்று என் திருமணப் பேச்சு ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப் போனதை அந்தப் பெருமைதான் மறைத்தது என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன்.

2022-ஆம் ஆண்டின் நடுவில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. தகவல் வந்த அன்றே ஊருக்குப் புறப்பட வேண்டும் என்று மனம் துடித்தது. ஃபைனல் எக்ஸிட், அதாவது வேலையை முடித்து நாட்டைவிட்டு ஒரேயடியாக வெளியேறும் அனுமதி கேட்டு, ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு வந்தேன். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனெனில் இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும். சவூதி தொழிலாளர் சட்டப்படி பணிக்கொடை, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரைமாத ஊதியமும் அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு மாத ஊதியமுமாகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் தாமாக ராஜினாமா செய்பவர் ஐந்து முதல் பத்தாண்டு வரை பணியாற்றியிருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும், பத்தாண்டு நிறைந்தால் முழுத்தொகை கிடைக்கும். பத்தாண்டு நிறையச் சில மாதங்களே இருந்த நிலையில் நான் கையெழுத்திட்டேன். என் ஊதியம் மாதம் 4,500 ரியால் என்ற கணக்கில் ஏறத்தாழ 10,900 ரியால், அன்றைய மதிப்பில் 2,25,000 ரூபாய், அப்படியே நின்றுபோனது. வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் கெட்டுவிட்டது என்று தொலைபேசி வந்தால், முதலில் அவசர விடுப்பைக் கேளுங்கள். ஊதியமில்லா விடுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ராஜினாமாவை ஊருக்கு வந்து, நிலைமையைக் கண்ணால் கண்டு, மருத்துவரிடம் பேசிய பிறகு முடிவு செய்யலாம்.

தொடக்க மாதங்களில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. பக்கவாதத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில்தான் உடல் அதிகமாக மீண்டு வரும் என்பது தெரிந்திருந்ததால், பிசியோதெரபியை ஒரு நாளும் தவறவிடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, மூக்கு வழியே செருகிய குழாயில் கஞ்சி கொடுப்பது, வாய் துடைப்பது, புண் வராமல் முதுகைப் பார்ப்பது எல்லாம் கை பழகிய வேலைகள். ஆறு மாதத்தில் அப்பா குழாய் இல்லாமல் விழுங்கத் தொடங்கினார். அவரைப் பார்க்க வந்தவர்கள் அம்மாவிடம், "இப்படி ஒரு பிள்ளையப் பெற என்ன புண்ணியம் செஞ்சீங்களோ" என்று என் காதுபடச் சொல்லிவிட்டுப் போவார்கள். சபையில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். சென்னையில் வேலை பார்க்கும் தம்பியிடம் உதவிக்கு ஒரு ஹோம் நர்ஸ் வைக்கலாமா என்று கேட்டபோது, "அக்கா, நீ இருக்கும்போது எதுக்கு வெளியாளு?" என்றான். அவன் கேட்டவிதத்தில் கபடம் எதுவும் இல்லை, பாராட்டும் தொனியில்தான் சொன்னான். அதனாலேயே பதில் சொல்ல முடியவில்லை.

பழிச்சொல் வந்தால் கோபப்படலாம், மறுக்கலாம், சண்டை போடலாம். பாராட்டை மறுப்பதற்கு நம் வளர்ப்பில் இடமில்லை. ஊரார் எனக்கு ஒரு பெயரைக் கொடுத்தார்கள், அந்தப் பெயருக்கு ஏற்றபடி நான் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போனேன். ஒருநாள் தக்கலையில் ஒரு சேலை எடுத்து வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அப்பா கெடப்புல கெடக்கச்சில இதெல்லாம் எடுக்கத் தோணுதா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அந்தச் சேலையை நான் உடுத்தவில்லை. அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவேண்டிய தேவையே ஏற்படவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டேன். நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாகவே நாட்கள் போயின. தோழிகள் அழைத்தால், வர இயலாது என்பதைக் கொஞ்சம் பெருமிதத்தோடு சொல்வேன். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாராவது வந்துவிட்டால் முகத்தைச் சட்டென்று மாற்றிக்கொள்வேன். உறவில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "நீங்க யாரு மக்களே?" என்று கேட்டார். என் பெயரையோ நான் செவிலியர் என்பதையோ சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "கெடப்புல இருக்கிற பால்வெட்டுகாரருக்க மகள்" என்று சொன்னேன். அன்றிரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

செவிலியர் படிப்பின் முதலாண்டில் எங்களுக்குச் சமூகவியல் ஒரு பாடம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு கருத்து அந்த இரவில் நினைவுக்கு வந்தது. சார்லஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902-இல் முன்வைத்தது அது. மனிதர் தம்மைப் பற்றிய எண்ணத்தை மற்றவர்களையே கண்ணாடியாகக் கொண்டு உருவாக்கிக்கொள்கிறார்கள் என்றும், அது மூன்று படிகளில் நடக்கிறது என்றும் அவர் சொன்னார். மற்றவர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று முதலில் கற்பனை செய்கிறோம், அதைப் பார்த்து அவர் என்ன தீர்ப்புச் சொல்வார் என்று அடுத்துக் கற்பனை செய்கிறோம், அந்தக் கற்பனையிலிருந்து பெருமையோ கூச்சமோ அடைகிறோம். இதில் முதல் இரண்டு படிகளும் நம் தலைக்குள்ளேயே நடப்பவை என்பதைப் படித்த காலத்தில் நான் கவனிக்கவில்லை. எதிரில் இருப்பவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. இந்த ஒரு விஷயம் எனக்குப் பின்னால் மிகவும் உதவியது.

ஒரே வேலைக்கு இரண்டு இடங்களில் எப்படி இரண்டு மதிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தால் அது திறமை, அதற்குச் சம்பளம் உண்டு, நேரம் முடிந்ததும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு அறைக்குப் போகலாம். வீட்டில் அதே வேலை பெண் பிள்ளையின் கடமை, அதற்கு ஷிஃப்ட் கிடையாது, ஒப்படைக்க ஆளும் கிடையாது. அதுமட்டுமல்லாமல் தெருவில் யாருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமென்றாலும், ஊசி போட வேண்டுமென்றாலும், சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். செவிலியராக இருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவரின் எழுத்துமூலமான சீட்டு இல்லாமல் யாருக்கும் ஊசி போடாதீர்கள். ஏதேனும் ஒவ்வாமை ஏற்பட்டால் பாசத்தோடு அழைத்தவர்களே உங்களைக் கைகாட்டுவார்கள், உங்கள் பதிவும் சிக்கலுக்கு உள்ளாகும். ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு வாரத்தில் ஒரு மாலை என்று நான் நேரம் குறித்தபோது சிலர் முகம் சுளித்தார்கள், பிறகு அந்த நேரத்துக்கே வந்தார்கள்.

பணக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளில் வராமல் போன சம்பளம் 30 லட்சத்துக்கு மேல். கையில் இருந்த சேமிப்பில் ஏழு லட்சம் வரை மருந்து, பிசியோதெரபி, டயப்பர், வீட்டுச் செலவு என்று கரைந்தது. நாடு திரும்பியவர், வெளிநாட்டில் இருந்தபோது வைத்திருந்த என்.ஆர்.இ. வங்கிக் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும் என்பதும், அதுவரை வரியில்லாமல் வந்த வட்டிக்கு இனி வரி உண்டு என்பதும் வங்கிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பணத்தைக் காட்டிலும் பெரிய ஆபத்து பணி இடைவெளி. இடைவெளி நீள நீள, வெளிநாட்டு உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேள்விகள் கூடுகின்றன. வீட்டில் இருந்தாலும் மாநிலச் செவிலியர் குழுமப் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள், பழைய மருத்துவமனையிலிருந்து அனுபவச் சான்றிதழை விலகும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்பிருந்தால் உள்ளூரில் பகுதி நேரமாவது வேலை செய்யுங்கள்.

இரண்டாம் ஆண்டின் இறுதியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி என்னைக் கட்டாயப்படுத்தி வெளியே அழைத்துச் சென்றாள். அவள் அய்யாவழிக் குடும்பம், நான் கிறிஸ்தவக் குடும்பம். அய்யாவழியின் தலைமைப் பதி, அதாவது வழிபாட்டிடம், இருக்கும் சாமித்தோப்புக்குப் போனோம். பதியின் கருவறையில் உருவச்சிலை கிடையாது, நிலைக்கண்ணாடியும் விளக்கும்தான் இருக்கும் என்பது இம்மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் அதன் முன் நின்றதில்லை. திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் தோளை மறைத்துச் சேலை உடுத்தக்கூடாது என்றிருந்த காலத்தில், 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்த, அய்யாவழியைத் தோற்றுவித்த வைகுண்டர், தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகையோடு வழிபடச் சொன்னார். தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக 1859-இல் நாடார் பெண்களுக்கு மேலாடை அணிய அரசாணை வந்தது. பார்ப்பவர் கண்ணால் காலங்காலமாக அளக்கப்பட்ட மக்களைத் தங்கள் முகத்தையே பார்க்கும்படி நிறுத்திய இடம் அது என்று தோழி சொன்னாள். கண்ணாடியில் தெரிந்த பெண்ணின் முகம் எனக்கு அந்நியமாக இருந்தது. கன்னம் ஒட்டி, தலை வாராமல், நாற்பதைத் தாண்டிய ஒருத்தி. இவளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தேன், ஒன்றுமே தோன்றவில்லை. அது எனக்குப் பயத்தைத் தந்தது. அந்தப் பயம்தான் என்னைப் பேச வைத்தது.

முதலில் அம்மாவிடம் பேசினேன். வேலைக்குப் போக வேண்டும் போலிருக்கிறது என்று சொல்வதற்கே எனக்குப் பல வாரங்கள் தேவைப்பட்டன, ஏனெனில் அம்மா உடைந்துபோவார்கள் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ மனசு நெறஞ்சு இருக்கேன்னுல்லா நான் நெனச்சேன் மக்களே. போன்னு சொன்னா, அம்மைக்கு நான் பாரமாயிட்டேன்னு நெனைப்பியோன்னு பயந்து வாயத் தொறக்கல்ல" என்றார்கள். இரண்டரை ஆண்டுகளாக ஒரே வீட்டில், ஒருவர் மற்றவருக்காகத் தலைக்குள் ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம். இதை வாசிப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: உங்களைப் பற்றி வீட்டில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதை, அவரிடமே வாய்விட்டுக் கேளுங்கள். ஊரைக் கேட்க முடியாது, அம்மாவைக் கேட்கலாம்.

தம்பி தங்கையிடம் பேசுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. நர்ஸாக இருக்கிறவளிடம் ஆள் வைக்கிறேன் என்று சொன்னால் அவமதிப்பாகக் கருதுவேன் என்று நினைத்ததாகத் தம்பி சொன்னான். அதை நான் முழுவதும் நம்பவில்லை. பேசும் முன் ஒரு தாளில் கணக்கெழுதி வைத்திருந்தது உதவியது: மாதச் செலவு எவ்வளவு, இதுவரை யார் எவ்வளவு கொடுத்தார்கள், ஒரு ஹோம் நர்ஸுக்கு என்ன ஆகும். நான் விசாரித்தபோது மாதம் 20,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் வரவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அது மகன், மகள் என்று பிரிக்கவில்லை, திருமணமானவர் ஆகாதவர் என்றும் பிரிக்கவில்லை. வயதுவந்த பிள்ளைகள் எல்லாருக்கும் பொறுப்பை வைத்திருக்கிறது. புகார் கொடுக்கும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் எல்லாப் பொறுப்பும் கல்யாணமாகாத மூத்தவளுக்கு என்பது ஊர் வழக்கம்தானே தவிர, சட்டமில்லை என்று தெரிந்துகொண்டதும் என் குரல் உறுதியானது. பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டத்தில், உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்றிருந்தது. 1986-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து அந்தக் காலம் முடிந்தது. சொத்தில் கால்பங்குக்குரியவளாக வைத்த மகளிடம் பாரத்தை மட்டும் முழுப்பங்காகக் கொடுக்கும் மனப்பழக்கம் சட்டத்தோடு சேர்ந்து போய்விடவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இப்போதுள்ள ஏற்பாடு இது. பகலில் ஹோம் நர்ஸ் ஒருவர் இருக்கிறார், அவருக்கான ஊதியத்தைத் தம்பி மாதம் 5-ஆம் தேதி வங்கியிலிருந்து தானாகப் போகும்படி ஏற்பாடு செய்திருக்கிறான். ஒவ்வொரு மாதமும் கேட்டு வாங்கும் நிலையை வைத்துக்கொள்ளாதீர்கள், கேட்பவர் சிறுமைப்படுவார், கொடுப்பவர் சலிப்படைவார். தங்கை மாதத்தில் இரண்டு சனி ஞாயிறுகள் மார்த்தாண்டத்திலிருந்து வந்து தங்குகிறாள். மருத்துவமனை வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு நோட்டில் அப்பாவின் ரத்த அழுத்தம், உணவு, மருந்து நேரம், மலம் கழித்தது, தோலின் நிலை ஆகியவற்றை எழுதி ஒருவர் அடுத்தவரிடம் ஒப்படைக்கிறோம். அந்த நோட்டு வந்த பிறகு அப்பாவைப் பார்க்க நான் ஒருத்தியால்தான் முடியும் என்ற எண்ணம் மற்றவர்களிடம் குறைந்தது, என்னிடமும் குறைந்தது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை கொடுப்பதும், பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். நான் இரண்டு ஆண்டுகளாகக் கைக்காசு கொடுத்துவந்த சில மருந்துகள் அதில் கிடைத்தன.

நான் இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் மாதம் 19,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறேன். சவூதிச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனாலும் முதல் நாள் சீருடை போட்டு, பெயர் எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டபோது அழுகை வந்தது. முதல் சில வாரங்கள் எங்கள் தெருவில் பேசினார்கள். அப்பாவைக் கூலிக்காரியிடம் விட்டுவிட்டுப் போகிறாள் என்று சொன்னது என் காதுக்கும் வந்தது, மிகவும் வலித்தது, இரண்டு இரவுகள் வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு வேறொரு வீட்டுக் கதை வந்து அந்தப் பேச்சு நின்றது. என்னைப் பற்றி ஊர் எந்நேரமும் யோசித்துக்கொண்டிருக்கிறது என்று நான் எண்ணியிருந்த காலத்தில், ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. குற்றவுணர்வு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இரவுப் பணிக்குக் கிளம்பும்போது அப்பா கண்ணால் என்னைத் தேடினால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அது அப்பாவுக்கும் எனக்கும் இடையில் உள்ள உணர்வு, ஊருக்கு அதில் பங்கில்லை. இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்கப் பழகியதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

மறுபடியும் வளைகுடாவுக்கு முயற்சி செய்யலாம் என்ற எண்ணத்தில் செவிலியர் குழுமத்திடம் குட் ஸ்டாண்டிங் சான்றிதழுக்கு, அதாவது என் பதிவு நடப்பில் உள்ளது, என்மீது புகார் இல்லை என்ற சான்றுக்கு, விண்ணப்பித்திருக்கிறேன். போவேனா என்பது அப்பாவின் உடல்நிலையையும் தம்பி தங்கை தம் பங்கைத் தொடர்ந்து செய்வதையும் பொறுத்தது. அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அப்பாவால் இப்போது சில சொற்கள் பேச முடிகிறது, "போ" என்றார். தெருவில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, சான்றிதழ் கையில் வந்த பிறகும் அவர்களிடம் கேட்டு முடிவெடுக்கப் போவதில்லை.